என்கே செல் சிகிச்சையில் ஏழு லட்சம் இழந்த ஒரு லூபஸ் நோயாளி எழுதுவது

போன வாரம் என் அலுவலகத்தில் பேக்கிங் பிரிவில் இருக்கும் ஒரு பெண் போனை நீட்டி, "அக்கா, இது நல்லதாங்க்கா? எங்க பெரியம்மாவுக்குப் பாக்கறோம்" என்று கேட்டாள். திரையில் ஒரு விளம்பரம். கேன்சர், லூபஸ், முடக்குவாதம் எல்லாவற்றுக்கும் "இயற்கை எதிர்ப்பு செல் சிகிச்சை, பக்கவிளைவு இல்லை". என்கே செல் என்று நம் ரத்தத்தில் இருக்கும் ஒருவகை எதிர்ப்பு செல்லை வளர்த்து உடம்பில் ஏற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன்பு நான் பார்த்த அதே வாசகம், மையத்தின் பெயர் மட்டும் வேறு. அன்றைக்கு யாராவது என்னிடம் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் திருப்பூர். பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை. 2018ல் எனக்கு 27 வயது. முதலில் விரல் மூட்டு வலி, பிறகு வாய்க்குள் புண், தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்தல், வெயிலில் போனால் மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பு. நான்கு டாக்டர் மாறி ஐந்தாவதாகக் கோயம்புத்தூரில் மூட்டு, எதிர்ப்பு சக்தி நோய்களைப் பார்க்கும் ஒரு ருமட்டாலஜிஸ்ட் மேடம்தான் லூபஸ் என்று கண்டுபிடித்தார். நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே நம் உடம்பைத் தாக்கும் நோய். சிறுநீரகத்தில் ஊசி போட்டு பயாப்ஸி எடுத்ததில் நான்காம் வகை லூபஸ் நெஃப்ரைட்டிஸ், அதாவது லூபஸ் சிறுநீரகத்தையும் தாக்கியிருக்கிறது என்று வந்தது. ஸ்டீராய்டு, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், மைக்கோஃபினோலேட் என்று எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை ஆரம்பித்து, ஒன்றரை வருடத்தில் நோய் அடங்கியது. 2020ல் கல்யாணம். எல்லாம் சொல்லித்தான் கல்யாணம். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர்.

பிரச்சனை குழந்தையில் வந்தது. மைக்கோஃபினோலேட் சாப்பிடும்போது கருத்தரிக்கவே கூடாது, கரு சிதையும், பிறந்தாலும் குறைபாடு வரலாம். இதை மேடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். எனக்கு என்ன பதிந்ததென்றால், "இந்த மாத்திரை இருக்கும் வரை குழந்தை இல்லை, இந்த மாத்திரை ஆயுளுக்கும் இருக்கும்". இதில் இரண்டாவது பாதி நானே சேர்த்துக்கொண்டது. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்தால் அஸாதயோப்ரின் என்ற வேறு மருந்துக்கு மாற்றிக்கொண்டு கருத்தரிக்க முயற்சி செய்யலாம், அப்படிக் குழந்தை பெற்றவர்கள் ஏராளம். இது நான் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் கிடைத்திருக்கும் பதில். நான் கேட்கவில்லை. வரிசையில் இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், மேடம் ரிப்போர்ட்டைப் பார்த்து "நல்லா இருக்கும்மா, அதே மாத்திரை" என்பார், நான் எழுந்து வந்துவிடுவேன். வருஷா வருஷம் மாமியார் வீட்டு விசேஷங்களில் மடி நிறைக்கக் கூப்பிடும்போது நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன். லூபஸ் உள்ள, குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் இதைப் படித்தால், முதலில் உங்கள் டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். என்னுடைய எல்லாத் தப்பும் அந்தக் கேட்காத கேள்வியில்தான் ஆரம்பித்தது.

2024 ஆரம்பத்தில் ஒரு செய்தி படித்தேன். ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் கேயார்க் ஷெட் என்ற டாக்டர் குழு, லூபஸ் உட்பட மூன்று தன்னுடல் தாக்கு நோய்கள் உள்ள 15 பேருக்கு, அவரவர் எதிர்ப்பு செல்லையே எடுத்து மரபணு மாற்றித் திரும்ப ஏற்றும் கார்-டி செல் சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள், அதில் லூபஸ் நோயாளிகள் எட்டுப் பேரும் மாத்திரையே இல்லாமல் நோய் அடங்கி இருக்கிறார்கள் என்று. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. மாத்திரையே இல்லாமல். அந்தச் செய்தி உண்மை, இன்றைக்கும் உண்மை. நான் அதைத் தேடித் தேடிப் படித்ததால் என் போன் முழுக்க செல் சிகிச்சை விளம்பரமாக வர ஆரம்பித்தது. அதில் ஒன்றுதான் சென்னையில் இருந்த அந்த மையம். "கார்-டியை விடப் பாதுகாப்பானது என்கே செல்" என்று ஒரு வெள்ளைக் கோட்டுக்காரர் வீடியோவில் பேசினார். கீழே ஒரு எண். அழைத்தேன்.

பேசிய பெண் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். "கவலைப்படாதீங்க மேடம், உங்களை மாதிரி நிறையப் பேர் வந்து இப்ப குழந்தையோட இருக்காங்க." ஆறு வருடத்தில் ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் என்னிடம் முக்கால் மணி நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. ஆகஸ்ட்டில் கம்பெனி ஆடிட் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போனேன். ஆலோசனைக் கட்டணம் 3,000. ரத்தம் எடுத்து "இம்யூன் புரொஃபைல்" என்று 28,500. அதில் என் என்கே செல் செயல்பாடு மிகக் குறைவு என்று சிவப்புக் கோட்டில் வந்தது. டாக்டர் என்று வந்தவர் கலரில் அச்சடித்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை மேசையில் வைத்தார். 2020ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் செய்தது, 11 பேரில் 8 பேருக்குப் பலன், பெரிய பக்கவிளைவு இல்லை. எண்களுக்கு அடியில் மஞ்சள் மார்க்கர் போட்டிருந்தார். "உங்க ரத்தத்திலிருந்தே செல் எடுத்து, ரெண்டு வாரம் வளர்த்து, கோடிக்கணக்குல பெருக்கித் திரும்ப ஏத்துவோம்மா. உங்க செல், உங்களுக்கே. இதுல என்ன ஆபத்து?" நான்கு தடவை ஏற்ற 5,60,000. இந்த வாரத்துக்குள் கட்டினால் மட்டும் அந்த விலை. இல்லாவிட்டால் 7 லட்சத்துக்கு மேல்.

என் அம்மா போட்ட 11 பவுனை அடகு வைத்து 4,10,000, பி.எஃப். முன்பணம் 1,50,000. மொத்தத்தையும் ஒரே நாளில் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் வேண்டாம் என்பார் என்று பயம். மேடத்திடம் சொன்னால் திட்டுவார் என்று பயம். இப்போது யோசித்தால், சொன்னால் வேண்டாம் என்பார்கள் என்று எனக்கே தெரிந்திருக்கிறது, அதையே ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்கலாம். யாருக்காவது இப்படி ஒரு சிகிச்சையை உங்களை நேசிப்பவர்களிடம் மறைத்துச் செய்யத் தோன்றினால், பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சத்தமாகச் சொல்லும்போதே நமக்குப் பாதி புரிந்துவிடும்.

முதல் தடவை ஏற்றியது செப்டம்பரில். நூறு மில்லி பை. சலைன் மாதிரிதான், கொஞ்சம் கலங்கலாக, அரிசி களைந்த கடைசித் தண்ணீர் மாதிரி. மேலே வெள்ளை ஸ்டிக்கர். அதில் பேனாவால் என் பெயர், "என்கே 1" என்று ஒரு குறிப்பு, தேதி. அவ்வளவுதான். என் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்ததால் அதைக் காட்டலாம் என்று போனில் ஒரு படம் எடுத்தேன். பிறகு காட்டாமலே விட்டுவிட்டேன். அந்தப் படம்தான் இன்று என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம். பக்கத்து சாய்வு நாற்காலியில் ஒரு பெரியவர். "ஏன் அம்மணி, உனக்குமா இந்த நோவு? சின்ன வயசா இருக்கறயே" என்றார். பேச்சைக் கேட்டதுமே நம்ம பக்கம் என்று தெரிந்தது. தாராபுரத்துக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணையத்தில் கேன்சர். கூட வந்திருந்த மகன் சொன்னார், நோபல் பரிசு வாங்கிய ஒரு விஞ்ஞானி கணையக் கேன்சரோடு தன் செல்லையே தனக்கு ஏற்றிக்கொண்டு நான்கு வருடம் உயிரோடு இருந்தார் என்று இங்கே சொன்னார்களாம், அதனால் கீமோவை நிறுத்திவிட்டு வந்தோம் என்று. அவருக்கும் அதே பை. அதே கலங்கல். அதே ஸ்டிக்கரில் அவர் பெயர். எனக்கு எதிர்ப்பு சக்தி கூடிப்போய் வந்த நோய், அவருக்கு எதிர்ப்பு சக்தி போதாமல் வளர்ந்த நோய். இரண்டுக்கும் ஒரே பை எப்படி என்று ஒரு நொடி தோன்றியது. நர்ஸிடம் கேட்டேன். "உங்களுக்கு பேலன்ஸ் பண்ணும் மேடம், அவருக்கு பூஸ்ட் பண்ணும்." தலையாட்டினேன். பை ஏறி முடிய ஐம்பது நிமிடம். அதோடு கட்டாயமாக ஒரு வைட்டமின் டிரிப், 8,000. ஊசி போட்ட இடம் கன்றிப் போய்விட்டது, அதை மறைக்க ஒரு வாரம் முழுக்கை சுடிதார் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இரண்டாவது தடவை போனபோதுதான் மைக்கோஃபினோலேட்டை நிறுத்தச் சொன்னார்கள். காரணம் கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. "நீங்க சாப்பிடற மாத்திரை எதிர்ப்பு செல்லை அழிக்கும், நாங்க குடுக்கறதும் எதிர்ப்பு செல், அப்ப நீங்களே அதை அழிச்சா எப்படி வேலை செய்யும்?" ஸ்டீராய்டையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். தயவுசெய்து இந்த இடத்தில் நின்று படியுங்கள். எந்தப் புது சிகிச்சைக்காரர் எவ்வளவு அழகாகக் காரணம் சொன்னாலும், உங்கள் பழைய மருந்தை உங்கள் பழைய டாக்டரிடம் கேட்காமல் ஒரு மாத்திரைகூடக் குறைக்காதீர்கள். பல வருடம் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. பணம் போனது எனக்குப் பெரிதில்லை என்று சொல்ல மாட்டேன், பெரிதுதான். ஆனால் என் சிறுநீரகத்தைக் கெடுத்தது அந்தப் பை அல்ல, நான் நிறுத்திய மாத்திரை.

மூன்றாவது ஏற்றிய அன்று ராத்திரி லாட்ஜில் குளிர் நடுக்கம், 102 டிகிரி காய்ச்சல். பல் கிட்டித்துக்கொண்டு போனில் கூப்பிட்டால், "நல்ல அறிகுறி மேடம், செல் வேலை செய்யுது, ஒரு டோலோ போட்டுக்கோங்க" என்றார்கள். நான் தனியாக, கதவைத் தாழிடாமல் படுத்திருந்தேன், ஏதாவது ஆகிவிட்டால் உடைக்க வேண்டியிருக்குமே என்று. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்த ராத்திரி இல்லை. காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. பின்னால்தான் படித்தேன், 2024லேயே ஜப்பானில் என்கே செல் ஏற்றிக்கொண்ட இரண்டு பேருக்கு ரத்தத்தில் கிருமி பரவி ஆஸ்பத்திரியில் சேர்த்து, அந்த நாட்டு சுகாதார அமைச்சகம் அந்த இடத்துக்குத் தடை போட்டது. தனியார் கிளினிக்குகள் காசுக்கு இந்தச் சிகிச்சை தர ஜப்பானில் சட்டப்படியே ஒரு வழி இருக்கிறது, அங்கேயே அப்படி. செல் என்பது உயிருள்ள பொருள், கொதிக்க வைத்து சுத்தம் செய்ய முடியாது, வளர்க்கும் இடத்தில் ஒரு கிருமி புகுந்தால் அதுவும் சேர்ந்து வளரும். எதை ஏற்றிய பிறகு குளிர் காய்ச்சல் வந்தாலும் உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். போனில் வரும் "நல்ல அறிகுறி" என்ற பேச்சைக் கேட்டுப் படுத்திருக்காதீர்கள்.

நவம்பர் கடைசியில் கொலுசு கணுக்காலில் பதிய ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி நின்றது. சிறுநீர் போனால் சோப்பு நுரை மாதிரி மேலே நிற்கும், தண்ணீர் ஊற்றினாலும் போகாது. 2018ல் பார்த்த அதே நுரை. பார்த்த நிமிடமே தெரிந்துவிட்டது, இருந்தாலும் இன்னும் ஐந்து நாள் தள்ளிப்போட்டேன். டிசம்பர் முதல் வாரம் கோயம்புத்தூரில் மேடம் முன்னால் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். சிறுநீரில் போகும் புரத அளவு 0.4 இருந்தது 3.1 ஆகியிருந்தது. சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 0.8லிருந்து 1.9. அன்றே அட்மிஷன். மூன்று நாள் அதிக அளவு ஸ்டீராய்டு ஊசி, மறுபடியும் மைக்கோஃபினோலேட். என் வீட்டுக்காரர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மேடம் திட்டவில்லை. மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் முடிந்து மறுபடி வந்து, என் கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது. என்கே செல் என்றால் இயற்கைக் கொல்லி செல். 1975ல் ஸ்வீடனில் கீஸ்லிங் என்பவரும் கூட்டாளிகளும், அதே சமயத்தில் அமெரிக்காவில் ஹெர்பர்மன் என்பவரும் கண்டுபிடித்தது. பிறவியிலேயே நம்மிடம் இருக்கும் முதல் வரிசைக் காவல், முன் பழக்கம் தேவையில்லை. டி செல் என்ற இன்னொரு எதிர்ப்பு செல் மாதிரி ஒவ்வொரு எதிரியையும் தனித்தனியாக அடையாளம் படிக்காது. உடம்பில் கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் மேலே ஒரு அடையாள அட்டை மாட்டியிருக்கும். அட்டை இல்லாத செல்லைப் பார்த்தால் என்கே செல் அடித்துவிடும். வைரஸ் புகுந்த செல், சில கேன்சர் செல் எல்லாம் டி செல்லிடமிருந்து தப்பிக்க அட்டையைக் கழற்றி ஒளித்துவைக்கும், அங்கேதான் இது பிடிக்கும். "இப்ப சொல்லு, உன் லூபஸுக்குக் காரணம் எது? உன் பி செல். தப்பான ஆன்டிபாடி செய்யற பி செல். அது அட்டையைக் கழற்றவே இல்லைம்மா. ஒழுங்கா மாட்டிக்கிட்டுத்தான் தப்பு பண்ணுது. வெறும் என்கே செல்லை எத்தனை கோடி ஏத்தினாலும் அது பி செல்லைப் பார்த்து, அட்டை இருக்கு, போ-ன்னு விட்டுடும்."

சரி, அப்படியானால் அந்தக் கலர்க் கட்டுரை? அதை மேடம் தன் போனில் எடுத்துக் காட்டினார். கேட்டி ரெஸ்வானி என்ற டாக்டர் குழு செய்தது. எண்கள் எல்லாம் உண்மைதான், 11ல் 8. ஆனால் அவர்கள் பயன்படுத்தியது நோயாளியின் சொந்த ரத்தம் அல்ல, பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தம். அதில் கார் என்ற கொக்கியை மரபணு மாற்றி வைத்து, பி செல் மேல் இருக்கும் சிடி19 என்ற குறியைத் தேடிப் பிடிக்கும்படி செய்திருந்தார்கள். செல் உள்ளே போய்ச் செத்துவிடாமல் இருக்க ஐஎல்-15 என்ற ஊட்டத்தையும் தானே சுரக்கும்படி சேர்த்திருந்தார்கள். ஏற்றுவதற்கு முன் கீமோ கொடுத்து இடம் ஒழித்திருந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் ரத்தம், நிணநீர் சம்பந்தப்பட்ட கேன்சர், கணையம் மாதிரி கட்டிக் கேன்சர் ஒன்றுகூட இல்லை. என் பையில் கொக்கி இல்லை, ஊட்டம் இல்லை, முன்கீமோ இல்லை, செல் உயிரோடு இருந்ததா என்பதற்கே ஆதாரம் இல்லை. சிவப்புக் கோட்டில் வந்த குறைவான என்கே அளவுகூட, நோயும் மாத்திரையும் சேர்ந்து குறைத்திருக்கும் எண், அதைக் கூட்டினால் நோய் குறையும் என்று அர்த்தமே இல்லை. அந்தக் கட்டுரை உண்மை, ஜெர்மனிச் செய்தி உண்மை. எனக்கு ஏறியதற்கும் அவற்றுக்கும் செல் என்ற சொல்லைத் தவிர எந்த உறவும் இல்லை. அதனால் யாராவது ஒரு கட்டுரையைக் காட்டினால் நான்கு விஷயம் மட்டும் கேளுங்கள். யாருடைய செல், அதில் என்ன மாற்றம் செய்தார்கள், எந்த நோய்க்கு, முன்னால் என்ன மருந்து கொடுத்தார்கள். அதே நான்கும் எனக்கும் செய்யப் போகிறீர்களா என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்த நோபல் விஞ்ஞானி கதையும் அப்படித்தான். ரால்ஃப் ஸ்டைன்மன், டென்ட்ரிட்டிக் செல் என்ற வேறொரு எதிர்ப்பு செல்லைக் கண்டுபிடித்தவர். 2007ல் கணையக் கேன்சர் தெரிந்து, 2011 செப்டம்பர் 30ல் இறந்தார், மூன்று நாள் கழித்து அவருக்கு நோபல் அறிவித்தார்கள். தன் செல்லையே ஏற்றிக்கொண்டது நிஜம். ஆனால் அறுவை சிகிச்சையும் கீமோவும் எடுத்துக்கொண்டு, அதோடு சேர்த்துத்தான் இதையும் செய்தார். தாராபுரத்துப் பெரியவர் வீட்டில் இந்தப் பாதியை யாரும் சொல்லவில்லை. கீமோவை நிறுத்திவிட்டு வந்தோம் என்று அந்த மகன் சொன்னபோது எனக்கு இது தெரிந்திருந்தால் என்று நினைத்து நினைத்து நான் தூங்காத ராத்திரிகள் உண்டு.

அட்மிஷனில் மேடம் கேட்ட முதல் விஷயமே, "டிஸ்சார்ஜ் சம்மரி எங்க? என்ன ஏத்தினாங்கன்னு பேப்பர் இருக்கா?" என்பதுதான். என்னிடம் ரசீது மட்டும் இருந்தது. அதில் என்கே என்ற எழுத்தே இல்லை. "ஆரோக்கிய மேம்பாட்டுத் தொகுப்பு" என்று இருந்தது. பணம் கட்டிய அன்றைக்கே அதைப் படித்திருக்க வேண்டும். செய்த சிகிச்சையின் பெயரை ரசீதில் எழுதாத இடம் நாளைக்கு அதைச் செய்யவே இல்லை என்று சொல்லும். நிஜமான செல் சிகிச்சை என்றால் ஒவ்வொரு பைக்கும் தொகுதி எண், எத்தனை செல், அதில் எத்தனை சதவீதம் உயிரோடு, கிருமி இல்லை என்ற சோதனை முடிவு, எந்த ஆய்வகம், எத்தனை மணிக்குள் ஏற்ற வேண்டும் என்று ஒரு தாள் கூடவே வர வேண்டும். ஏற்றுவதற்கு முன்னால் அதை வாங்கிப் பையில் வையுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை.

"இது ட்ரையல் மேடம், அரசாங்கத்துல பதிவு பண்ணியிருக்கோம்" என்றும் என்னிடம் சொல்லியிருந்தார்கள். நம் நாட்டில் மருந்துச் சோதனைகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்று ஒரு பதிவேடு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் கொடுத்தால் உள்ளே போய், உங்கள் நோய்தானா, உங்களுக்குச் செய்யப் போகும் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, இந்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் அனுமதி என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பதிவு வேறு, அனுமதி வேறு. இன்னொன்று, சோதனை என்று சொல்லிவிட்டு அந்த மருந்துக்கே லட்சக்கணக்கில் காசு கேட்டால் அங்கேயே முடிந்தது. முறையான சோதனையில் மருந்துக்கு நம்மிடம் காசு வாங்க மாட்டார்கள். 2019ன் விதிகள்படி சோதனையால் பாதிப்பு வந்தால் வைத்தியமும் நஷ்டஈடும் அவர்கள் பொறுப்பு. கேன்சர், லூபஸ் இரண்டையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1954ம் வருடச் சட்டப்படி குற்றம். மாயத் தீர்வு விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் இந்த இரண்டு பெயரும் இருக்கின்றன. அந்த விளம்பரத்தைப் பார்த்த அன்று எனக்கு இது தெரியாது.

இவ்வளவும் சொன்னதால் இந்த ஆராய்ச்சியே பொய் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்கு அப்படி எண்ணமே இல்லை. முதல் வரிசை எதிர்ப்பு செல்களை எழுப்பிக் கேன்சரை அடிப்பது நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் தினமும் நடக்கிறது. சிறுநீர்ப்பைக் கேன்சர் ஆரம்ப நிலையில் இருந்தால் பிசிஜி மருந்தைப் பைக்குள் விடுவார்கள், காசநோய்க்குக் குழந்தைக்குப் போடும் அதே பிசிஜி கிருமிதான். 1976லிருந்து செய்து வரும் வைத்தியம். எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் அண்ணனின் அப்பா அப்படித்தான் நன்றாக இருக்கிறார். ரத்தக் கேன்சருக்கு நம் நாட்டிலேயே ஐஐடி பாம்பேயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி 2023 அக்டோபரில் அனுமதி வாங்கியது. அது டி செல், என்கே அல்ல. கார் வைத்த என்கே செல்லை லூபஸுக்குக் கொடுத்துப் பார்ப்பது அமெரிக்காவிலும் சீனாவிலும் சோதனையாக நடக்கிறது. ரிட்டுக்ஸிமேப் என்ற ஆன்டிபாடியோடு சேர்த்து, பிறர் தந்த என்கே செல்லைக் கொடுக்கும் சோதனையும் உண்டு. அங்கே ஆன்டிபாடிதான் கொக்கி, பி செல்லைப் பிடித்துக் கொடுக்கும். பிறருடைய டி செல்லை ஏற்றினால் அது நம் உடம்பையே தாக்கும், என்கே செல் பெரும்பாலும் அப்படிச் செய்யாது, அதனால் ஒருவர் செல்லைப் பலருக்குத் தயாராக வைத்திருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள பெரிய நம்பிக்கை. கட்டிக் கேன்சருக்குள் இந்த செல்கள் நுழைவதும், நுழைந்தாலும் தாக்குப்பிடிப்பதும் இன்னும் தீராத சிக்கல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்த என்கே செல் மருந்து ஒன்றுகூட இன்னும் இல்லை. ஒரு நாள் வரும் என்று நான் மனசார நம்புகிறேன். எனக்கே அது வேண்டும்.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு. மையத்துக்குக் கட்டியது, ஆலோசனை, சோதனை, நான்கு தடவைக்கான தொகை, மூன்று வைட்டமின் டிரிப் எல்லாம் சேர்த்து 6,15,500. பஸ், லாட்ஜ் 22,000. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் 1,84,000, கம்பெனி காப்பீடு 1,20,000 கொடுத்தது, மீதி 64,000 கைக்காசு. ஆகமொத்தம் 7,01,500, நகைக்கடன் வட்டி தனி. நான்காவது தடவைக்கான பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன், தொகுப்பைப் பிரிக்க முடியாது என்றார்கள். அந்தப் பொறுமையான பெண் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. பணத்தைவிட வலிப்பது காலம்தான். 33 வயதில் அமைதியாக இருந்த நோயைக் கிளறிவிட்டு, இப்போது 35ல் மறுபடி முதலிலிருந்து.

போன ஜூனில் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 200 ரூபாய்தான் கட்டணம். கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கண்டக்டர் ஐயா மகனைக் கூப்பிட்டேன், லாட்ஜ் வாசலில் ஒரு நாள் எண் வாங்கி வைத்திருந்தேன். ஐயா தை மாதமே போய்விட்டாராம். இரண்டாவது தடவைக்கு அப்புறம் சோறு இறங்கவில்லை, மறுபடி கீமோவுக்குப் போனபோது உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்களாம். அரை ஏக்கர் விற்றுக் கட்டியிருக்கிறார்கள். "நீங்க கேஸ் போடுங்க்கா, நான் வந்து சாட்சி சொல்றேன்" என்றார் அந்தத் தம்பி. போன வாய்தாவுக்குத் தாராபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிட்டார், அப்பாவின் ரசீதுகளை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு. எதிர்த்தரப்பு வக்கீல், அப்படி ஒரு சிகிச்சையே தரவில்லை, வைட்டமின்தான் ஏற்றினோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் போனில் எடுத்த அந்த ஸ்டிக்கர் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். என் பெயர் தப்பாக, "என்கே 1", தேதி. அடுத்த வாய்தா மாசக் கடைசியில். என் புரத அளவு 0.5க்கு வந்து நாலு மாதமாக அப்படியே நிற்கிறது. இன்னும் ரெண்டு மாதம் பார்த்துவிட்டு அஸாதயோப்ரினுக்கு மாற்றலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை நானே வாய்விட்டுக் கேட்டேன்.